மரத்துக்கு நாள் சொன்னவர்

பனி மூடிய ஒரு சரிவில், வலது கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, வெறும் உள்ளங்கையை மேப்பிள் மரத்தின் தண்டில் பதித்தபடி அவர் நின்ற கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் எங்கள் முதலாளி துளைபோடும் மெஷினைத் துவக்குப்போல ஏந்திக்கொண்டு நின்றார். முதலாளியம்மா குளிருக்குப் பயந்து காருக்குள் இருந்தபடியே கண்ணாடியைப் பாதி இறக்கி, "என்ன, மரத்துக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும் விட அதிகம் சிரித்தவள் நான்தான். அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையுறையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இண்டைக்கு வேண்டாம்" என்றார்.

அவரை நாங்கள் குசினி அண்ணை என்று கூப்பிடுவோம். பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் இருக்கும் சாப்பாட்டுக்கடையொன்றின் சமையற்கட்டை, எங்கள் சொல்லில் குசினியை, பதினொரு வருடம் தனி ஆளாக நடத்தியவர். நான் அதே கடையில் வாசலோரம் காசு வாங்கும் மேசையில் இருக்கிறேன். அவர் மனைவியை இழந்தவர், பாரிசின் புறநகரான எபினேயில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில், தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளோடு வாழ்ந்தார். அதிகம் கதைக்காத மனிதர். லாச்சப்பலில் இரண்டு தமிழர் சந்தித்தால் மூன்றாவது கேள்வி "ஊரிலை எவடம்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில். "வன்னிப்பக்கம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லா இடமும் இருந்திருக்கிறம்." சொல்லிவிட்டு அகப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். போரில் ஊரை விட்ட எத்தனையோ பேர் அப்படித்தான் சொல்வார்கள். நாங்களும் மேலே கேட்கவில்லை.

முதலாளிக்கு ஒரு மகன். இங்கே பிறந்தவன், கணினி வேலை. அவனும் குசினி அண்ணையின் மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். விஷயம் தெரிந்தபோது முதலாளி கோபிக்கவில்லை. பதினொரு வருடமாகத் தன் கடையைத் தூக்கி நிறுத்திய மனிதரின் பிள்ளை, அடக்கமானவள், படித்தவள். கடைக்குள்ளேயே எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்து, "இனி அண்ணை இல்லை, சம்பந்தி" என்றார். அன்றைக்குக் குசினி அண்ணை சோற்றுப் பானைக்கு உப்புப் போட மறந்துவிட்டார். பதினொரு வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

வசந்தத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. முதலாளிக்கு அதற்கு முன் வருடம்தான் மோர்வான் மலைப்பக்கம் ஒரு பழைய கல்வீடு அமைந்திருந்தது. பாரிசிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். வீட்டுக்குப் பின்னால் சரிவில் பதினான்கு மேப்பிள் மரங்கள் நின்றன. கனடாவிலிருந்த அவருடைய மச்சான் தொலைபேசியில் அந்த மரங்களைப் பார்த்துவிட்டு, "உதிலை பாணி எடுக்கலாமடா" என்று சொன்னதுதான் தாமதம், முதலாளிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் கொடுக்கும் சொக்கிளேற் பெட்டி கொடுக்காமல், சொந்த மரத்து இனிப்புப் பாகை, அந்தப் பாணியை, சின்னப் போத்தல்களில் அடைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். மச்சான் முறையையும் சொல்லிக்கொடுத்திருந்தான். இரவில் உறைய வேண்டும், பகலில் இளக வேண்டும். அந்த நேரம் மரத்தில் துளை போட்டுக் குழாய் செருகினால், தண்ணீர்போலச் சாறு சொட்டும். அதைக் காய்ச்சிக் காய்ச்சிக் குறுக்கினால் பாணி. இவ்வளவுதான் என்று முதலாளி நினைத்தார்.

தைமாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடையை மூடிவிட்டு நாங்கள் எல்லோரும் போனோம். அதற்கு முந்திய இரண்டு நாளும் மச்சான் சொன்னது போலவே இரவு மைனஸ், பகல் வெயில். முதலாளி மெஷினோடு இறங்கிவிட்டார். அப்போதுதான் குசினி அண்ணை மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

"ஏன் வேண்டாம்? ராவு மைனஸ் மூண்டு. இப்ப பாருங்கோ, ப்ளஸ் அஞ்சு. மச்சான் சொன்னது அப்பிடியே கிடக்கு."

"அது சரி சம்பந்தி. ஆனா நாளையிலையிருந்து ரெண்டு கிழமைக்கு ஒரே சூடு எண்டு ரேடியோவிலை சொன்னவங்கள். நீங்கள் துளைச்ச நாளிலையிருந்து மரம் தன்ரை காயத்தை மூடத் தொடங்கிடும். சாறு வாற நேரம் துளை அடைச்சுப் போகும். இது வாசல்படியிலை நிண்டு எட்டிப் பாக்கிற குளிர். உள்ளை வரேல்லை."

முதலாளி சிரித்துக்கொண்டே மூன்று மரங்களைத் துளைத்தார். நாலு சொட்டு விழுந்தது, பிறகு நின்றுவிட்டது. நாலாவது மரத்தில் மெஷினை வைத்தபோது குசினி அண்ணை வந்து மரத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டார். முதலாளிக்கு முன்னால் அவர் அப்படி நின்று நான் கண்டதில்லை. முதலாளியும் மெஷினைக் கீழே வைத்தார். அவர் சொன்னபடியே மறுநாளிலிருந்து சூடு வந்தது. அந்த மூன்று துளைகளும் காய்ந்து இறுகிப் போயின.

அதன் பிறகு நாள் சொல்லும் பொறுப்பு அவர் கையில் வந்தது. குசினிச் சுவரில் கலண்டரைத் தூக்கிவிட்டு ஒரு தாளை ஒட்டி, மோர்வான் பக்கத்துக் குளிரையும் வெயிலையும் தினமும் எழுதிவைத்தார். பரிமாறுகிற பையன்கள் போகவரக் கேலி பண்ணுவார்கள். முதலாளி நாளுக்கு இரண்டு தடவை குசினிக்குள் தலையை நீட்டி, "என்ன சம்பந்தி, மரம் என்ன சொல்லுது?" என்பார். "பொறுக்கச் சொல்லுது" என்பார் அவர். பிந்தினாலும் ஆபத்து, மொட்டு வீங்கிவிட்டால் சாறு கசக்கும் என்று மச்சான் பயமுறுத்தியிருந்தான். முதலாளி பொறுமையில்லாத மனிதர். ஆனாலும் பொறுத்தார். மாசி நடுவில் ஒரு புதன்கிழமை, குழம்பைத் தாளித்துக்கொண்டே குசினி அண்ணை சொன்னார்: "சனிக்கிழமை. பத்து மணிக்குப் பிறகு."

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. குசினி அண்ணை முதலில் மெஷினை எடுக்கவில்லை. சரிவில் ஏறிப்போய், காற்றில் முறிந்து தொங்கிய ஒரு கொப்பின் நுனியில் விரல் நீளத்துக்கு உறைந்திருந்த பனிக்குச்சியை ஒடித்து நாக்கில் வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். மெல்லிய இனிப்பு. "நேத்துப் பகல் ஒழுகி, ராவு உறைஞ்சிருக்கு. இனி நிக்காது" என்றார். தண்டின் வெயில் பக்கத்தைத் தடவித் தடவி இடம் பார்த்து, தான் கொண்டுவந்த கத்தியால் பட்டையை மேலாகச் சீவி வழித்துவிட்டு, முதலாளியைத் துளைக்கச் சொன்னார். மெஷினை வெளியே இழுத்த கையோடு சாறு பின்னால் வந்தது. குழாயைச் செருகி முடிக்குமுன்பே சொட்டத் தொடங்கியது. பதினொரு மரமும் அப்படித்தான். முதலாளி குழந்தைபோல வாளிக்கு வாளி ஓடினார். முதல் வாளியில் ஒரு கோப்பை நிறைந்ததும் குசினி அண்ணை அதை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மரத்தின் வேரடியில் ஊற்றினார். நான் பார்த்தேன். முதலாளியம்மாவும் பார்த்தார்.

மத்தியானம் மற்றவர்கள் வீட்டுக்குள் சூடு காய்ந்துகொண்டிருந்தபோது, நானும் அவரும் வாளிகளை மாற்றப் போனோம். "அண்ணை, உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டேன். அவர் அன்றைக்கு அளவில்லாத சந்தோசத்தில் இருந்தார். அவர் வாய் திறந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"படிக்கேல்லை, தங்கச்சி. என்ரை அப்பு பனை ஏறினவர். சீவல் தொழில். நானும் பதினாறு வயதிலையிருந்து ஏறினனான். மரத்தை அவசரப்படுத்தினா அது வருசம் முழுக்கக் கோவிக்கும் எண்டு அப்பு சொல்லுவார். பனை வெயிலுக்குச் சுரக்கும், இது குளிருக்குச் சுரக்குது. மற்றும்படி மரம் மரம்தான்." வாளியைக் கொளுவிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருவத்தாறு வருசமா இந்த நாட்டிலை ஒருத்தருக்கும் இதைச் சொல்லேல்லை. மகளுக்குக்கூட. முதலாளிக்குச் சொல்லத்தான் வேணும், ஒளிச்சுச் செய்யக்கூடாது. அதுக்கொரு நாள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். நீ இப்ப ஒண்டும் கதைக்காதை."

"நான் ஏன் அண்ணை கதைக்கப்போறன்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் பனை ஏறிக் கள் இறக்குகிற குடும்பம் என்றால் அது வெறும் தொழிலின் பெயர் அல்ல, சாதியின் பெயர். எங்கள் வீட்டுக் கிணற்றில் அவர்களைத் தண்ணீர் அள்ள விட்டதில்லை. வந்தால் வளவுக்குள் நின்று கையேந்த, மேலிருந்து ஊற்றுவோம். நான் ஊற்றியிருக்கிறேன். முதலாளியம்மாவின் வீட்டாரும் எங்கள் வீட்டார் போலத்தான். இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் அடுத்து நடந்ததைச் சொல்ல முடியாது.

ஞாயிறு பின்னேரம் திரும்பும்போது முதலாளியும் குசினி அண்ணையும் சாமான்களோடு வான் வண்டியில் வந்தார்கள். குசினி அண்ணை பார்த்துக்கொண்டு நிற்க, முதலாளியம்மா தன் காரில் என்னை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். கடையில் சேர்ந்த எட்டு வருடத்தில் நான் அந்தக் காரின் முன்னிருக்கையில் இருந்ததில்லை. வழியெல்லாம் என் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார், என் கால்நோவைக் கேட்டார். பாரிசுக்குள் நுழையும்போது ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"நீர் அவரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீர். அவை ஆர் ஆக்கள்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போவதில்லை. நான் சொல்லிவிட்டேன். அவருடைய தகப்பன் பனை ஏறியதையும், அவர் பதினாறு வயதில் ஏறியதையும், யாருக்கும் சொல்லாதே என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டதையும்கூடச் சேர்த்துச் சொன்னேன். எந்த லாபமும் எனக்கில்லை. அந்தப் பெண்மணி தனக்குச் சமமாக வைத்து என்னிடம் ஒரு விஷயம் கேட்டார், அந்த ருசி ஒன்றுதான். அவர் "ம்" என்றார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. இன்று யோசித்தால் அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. சாறு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது, காய்ச்சி முடியவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் முதலாளி அவரை மோர்வானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டு முற்றத்தில் கிடாரம் வைத்து, விறகு எரித்து, புகைக்குள் நின்று அவர்தான் காய்ச்சினார். அறுபது லீற்றர் வற்றினால் ஒரு லீற்றர். எப்போது இறக்குவது என்பது அவருடைய அகப்பைக்குத்தான் தெரியும். சாறு கலங்கத் தொடங்கிய அன்று, "காணும், போதும். இனி மரத்தை விடுவம்" என்று சொல்லிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றியவரும் அவர்தான். எண்பது சின்னப் போத்தல் தேறியது. தேன்நிறம். திரும்பி வந்து வான் வண்டியிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை முதலாளி ஒரு சொல் விடவில்லை.

கடையில் மட்டும் சில விஷயங்கள் மாறியிருந்தன. முதலாளியம்மா வீட்டிலிருந்து பெட்டியில் சாப்பாடு கொண்டுவரத் தொடங்கினார். பதினொரு வருடம் அந்தக் கையால் சமைத்ததைச் சாப்பிட்டவர், வயிறு சரியில்லை என்றார். முதலாளியின் வாயிலிருந்து "சம்பந்தி" போனது. அதோடு "அண்ணை"யும் போனது. "நீங்கள்" என்று கூப்பிட்ட மனிதரை ஒரு திங்கட்கிழமை "நீர்" என்றார். குசினி வாசலில் நின்று, "நீர் அந்த மீனைப் பாரும்" என்றார். குசினி அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. மீன் வெட்டிய கை மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு வெட்டியது. அவருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியிருக்கும். ஒரு சொல் ஒரு படி கீழே இறங்கினால் எங்கள் ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தக் கிழமைக் கடைசியில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, என் மேசைக்கு இரண்டு முழத்தில் வைத்து முதலாளி அவரிடம் சொன்னார். "எனக்கு உதிலை ஒண்டும் இல்லை. நான் உதெல்லாம் பாக்கிற ஆளும் இல்லை. ஆனா இவவின்ரை பக்கத்து ஆக்கள் கதைப்பினம். கனடாவிலை மச்சான் வரமாட்டன் எண்டிட்டான். பிள்ளையளுக்கு இன்னும் வயதிருக்குத்தானே."

"நான் சொல்லத்தான் இருந்தனான்" என்றார் குசினி அண்ணை.

"அதுதான் பிழை. முதலே சொல்லியிருக்க வேணும்."

அவர் தலையை ஆட்டினார். பிழை தன்னுடையதென்று ஒப்புக்கொண்டதுபோல இருந்தது அந்த ஆட்டம். பிறகு பின்னேரச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போனார். முதலாளியின் மகன் ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. வந்தபோது நான் கேட்டேன். "கொம்ப்ளிக்கே, மாமி" என்றான். சிக்கல் என்ற அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லோடு அவன் தன் பங்கை முடித்துக்கொண்டான்.

மகள் ஒருநாள் மூன்று மணிக்குத் தனியாக வந்தாள். சின்ன வயதிலிருந்து என்னை மாமி என்பவள். அன்று "மதாம்" என்றாள். பிரெஞ்சில்தான் பேசினாள். யார் சொன்னது என்று தனக்கும் அப்பாவுக்கும் தெரியாதாம். அந்தச் சனிக்கிழமை அப்பாவோடு மரத்தடியில் நின்றது நான் ஒருத்திதானே என்று கேட்டாள். "நான் ஒண்டும் கதைக்கேல்லை, பிள்ளை" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். நீங்கள் இல்லையாம். நீங்கள் அப்படிச் செய்கிற ஆள் இல்லையாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் நம்பி அப்படிச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. நம்பித்தான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து முதலாளியின் மகனுக்கும் கூசேன்வில்லில் இருக்கும் ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. முந்நூறு பேருக்குச் சமையல். குசினி அண்ணை அன்று லீவு கேட்டார். "உம்மை விட்டா ஆர் செய்யிறது?" என்றார் முதலாளி. அவர் விடியற்காலை வந்து சமைத்தார். மண்டபத்து வாசலில் வருகிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தல் கொடுக்கும் வேலை எனக்கு. போத்தல் கழுத்தில் சிவப்பு நாடா, ஒட்டிய தாளில் "எங்கள் தோட்டத்துப் பாணி, கனடா முறை". ஒரு பெரியவர் அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, "நல்லாக் காய்ச்சியிருக்கினம், ஆர் செய்தது?" என்று கேட்டார். முதலாளி நெஞ்சில் கை வைத்தார். சமையல்கட்டின் கதவு திறந்துதான் கிடந்தது. அன்று சோறும் கறியும் எல்லாம் சரியாக இருந்தன, உப்புக்கூட.

மறுநாள் திங்கட்கிழமை குசினி அண்ணை கத்திகளைக் கழுவித் துடைத்து, தன் சொந்தக் கத்தியை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விடைபெற்றார். ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். முதலாளி இருக்கையிலிருந்து எழும்பவில்லை. என்னைப் பார்த்து, "வாறன் தங்கச்சி" என்றார்.

இந்த வருடம் மாசி பிறந்ததும் முதலாளிக்குப் பழைய பித்துத் திரும்பிவிட்டது. குசினிக்கு வந்த புதியவருக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மச்சானின் கணக்கும் இங்கே சரிவராது என்பதை முதலாளி மூன்று மரத்தில் கண்டிருந்தார். குசினி அண்ணைக்கு இரண்டு தடவை போன் எடுத்தும் அவர் எடுக்கவில்லை. "நீர் கேட்டாச் சொல்லுவார்" என்று என்னிடம் வந்தார். என் மேசையில் இருந்தபடி, முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, நான் எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார். சுகம் விசாரித்தேன். மகள் தாதியாகிவிட்டாளாம், வேறு ஊரில் வேலையாம், கதைப்பது குறைவாம். பிறகு, "அண்ணை, இந்த முறை எப்ப துளைக்கிறது எண்டு..." என்று இழுத்தேன்.

"மொட்டு எப்பிடிக் கிடக்கு, சிவந்திட்டுதோ?" என்று கேட்டார். நான் முதலாளியிடம் கேட்டுச் சொன்னேன், இன்னும் இல்லை என்று. "அப்ப வாற வியாழனுக்குப் பிறகு. அதுக்கு முதல் வேண்டாம். பழைய துளைக்குப் பக்கத்திலை போடக்கூடாது, ஒரு சாணாவது தள்ளிப் போடச் சொல்லு. போன முறை சும்மா துளைச்ச மூண்டு மரத்தையும் இந்த வருசம் விடச் சொல்லு, பாவம்."

"சரி அண்ணை."

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். காருக்குள்ளை அவ உன்னட்டைக் கேக்கேக்கை, சொல்ல முதல் கொஞ்சமாவது யோசிச்சனியோ?"

குரலில் கோபம் இல்லை. மொட்டு சிவந்திட்டுதோ என்று கேட்ட அதே குரல். முதலாளி எதிரில் நின்று, என்ன சொல்கிறார் என்று சைகையால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. கேள்வி முடியுமுன் பதில் வாய்க்கு வந்திருந்தது.

"ஓம் அண்ணை. கனநேரம் யோசிச்சனான்."

"அது காணும்" என்றார். போனை வைத்துவிட்டார்.

வியாழனுக்குப் பிறகு, பழைய துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று மரத்தை விட்டுவிட்டு என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் குறித்துக்கொண்டார். பிறகு, "வேறை ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.